‘பாத்துக்கறேன்’ என்றால் என்ன பொருள்?

என்னோடு வேலை பார்த்த நிகோல் போன வாரம் ஒரு கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் அலுவலகம் வாடகைதாரர்களுக்கு அனுப்பும் கடிதத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். ‘மாற்று வீடு தேடிக்கொள்வது முழுக்க முழுக்க உங்கள் பொறுப்பு’ என்று கொட்டை எழுத்தில். அதன் கீழே நிகோல் கேட்டிருந்தாள்: “கோ, இதைப் பத்தி நீ என்ன சொல்ற?”

என் பெயர் கோமதி. ஆனால் இருபத்திரண்டு வருடமும் அந்த அலுவலகத்தில் நான் வெறும் ‘கோ’தான். ‘மதி’யை அவர்கள் முதல் நாளே விட்டுவிட்டார்கள்.

அந்த வரியைப் படித்ததும் எனக்கு வைத்தியலிங்கம் அங்கிள் நினைவுக்கு வந்தார். பொறுப்பு யாருடையது என்று என்னைச் சட்டப்படி விசாரணைக்கு இழுத்த ஒரே மனிதர் அவர்தான். நிகோலுக்குப் பதில் எழுத உட்கார்ந்தது இப்படி நீண்டுவிட்டது.

நான் ஈரோட்டிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்தது கணவரின் விசாவில். வேலை செய்ய அனுமதி இல்லாத ஏழு வருடம், கிரீன் கார்டுக்குக் காத்திருந்த காலம், நூலகத்தில் புத்தகம் அடுக்கியது, இதையெல்லாம் ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறேன். கார்டு வந்த மாதம் எடிசன் பக்கத்து வீட்டுவசதி அலுவலகம் ஒன்றில் தற்காலிக கிளார்க்காகச் சேர்ந்தேன். ஆறு மாதம் நகல் எடுத்தேன். பிறகு ஒரு பரீட்சை எழுதினேன். அதன்பின் ஒரு நாற்காலி கொடுத்தார்கள்.

அந்த நாற்காலியின் வேலையைச் சொல்கிறேன். வருமானம் குறைந்த குடும்பத்துக்கு அரசாங்கம் ஒரு சீட்டு கொடுக்கும். அதை வைத்துக்கொண்டு அவர்கள் தனியார் வீட்டில் குடியிருக்கலாம். வாடகையில் ஒரு பங்கை அவர்கள் கொடுப்பார்கள். மீதியை அலுவலகம் வீட்டுக்காரருக்கு நேரே அனுப்பிவிடும். ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்காரர் “போதும்” என்று சொல்லிவிட்டால், அந்தக் குடும்பத்துக்கு வேறு வீடு வேண்டும். அறுபது நாள் கெடு. காரணம் சொல்லிக் கேட்டால் இன்னும் அறுபது. அதற்குள் கிடைக்காவிட்டால் சீட்டு செல்லாது. சரி, யார் தேடுவது? விதிப்புத்தகம் ‘குடியிருப்பவர்’ என்கிறது. குடியிருப்பவர் “நீங்கதான்” என்கிறார். வீட்டுக்காரர் போனையே எடுப்பதில்லை. இந்த மூன்று பேருக்கும் நடுவில் போட்டிருந்த நாற்காலி என்னுடையது.

என் மேலதிகாரி மிஸ்டர் கவால்ஸ்கி. ஆறடி இரண்டங்குலம், பேண்ட்டைத் தோளோடு பிடித்து நிறுத்தும் பட்டைகள், கோவிலில் பேசுவதுபோல் மெல்லிய குரல். அவர் பேசினால் எல்லோரும் குனிந்து காது கொடுக்க வேண்டும். அதனால் எங்கள் அலுவலகத்தில் அவருக்கு எல்லோரும் வணக்கம் செலுத்துவதுபோலவே இருக்கும். கோபம் வந்தால் கத்தமாட்டார். கண்ணாடியைக் கழற்றி டையில் துடைப்பார். அதைப் பார்த்தாலே நாங்கள் கோப்புக்குள் தலையை விட்டுக்கொள்வோம்.

வீட்டுக்காரர்களோடு போனில் பேசும்போது எழுந்து நின்று பேச வேண்டும் என்பது அவர் போட்ட விதி. “உக்காந்து பேசினா கெஞ்சற குரல் வரும்” என்பார். மதியம் மூன்று மணிக்கு எங்கள் அறைக்குள் வந்தால் ஐந்து பேர் தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல் ரிசீவரோடு நின்றுகொண்டிருப்போம்.

வீட்டைச் சோதிக்கவும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். அடுப்பின் நான்கு பர்னரையும் ஏற்றிப் பார். வெந்நீர் வரும்வரை குழாயைத் திறந்து வை. ஜன்னலைத் தூக்கினால் குச்சி முட்டுக் கொடுக்காமல் தானாக நிற்கிறதா பார். பாத்ரூம் கதவை உள்ளே போய்ச் சாத்திப் பார். கடைசியாகச் சட்டைப்பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துத் தரையில் வைப்பார். அது உருண்டு ஓடினால் தரை சரிவு. அரசாங்கப் படிவத்தில் கோலிக்குண்டு கிடையாது. அவருக்கு அது இல்லாமல் மனம் ஆறாது.

நான் தனியாகப் போன முதல் சோதனையில், சொன்னபடி பாத்ரூம் கதவை உள்ளே போய்ச் சாத்தினேன். அது திறக்கவில்லை. வீட்டுக்காரர் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். கைப்பை சமையலறையில், போன் கைப்பைக்குள். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவர், “வீடு பாஸா?” என்று கேட்டார். “ஃபெயில்” என்றேன், கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து. மிஸ்டர் கவால்ஸ்கி அந்த அறிக்கையைப் படித்துவிட்டு, “ரொம்ப முழுமையான சோதனை” என்று ஓரத்தில் எழுதினார்.

இனி வைத்தியலிங்கம் அங்கிள்.

ஓக் ட்ரீ ரோட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு பழைய கட்டடம். பன்னிரண்டு வீடு, பன்னிரண்டிலும் எங்கள் சீட்டில் இருந்தவர்கள். வீட்டுக்காரக் கிழவர் இறந்துபோக, மகன்கள் கட்டடத்தை விற்க முடிவு செய்து, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று மாதத்தில் பதினோரு குடும்பத்தை ஏற்றி அனுப்பினேன். ஒரு அம்மா இரண்டு பூனை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சாமான் ஏற்றும் நாளில் ஐந்து பூனையை இறக்கினார். “மத்த மூணும் விருந்தாளி” என்றார். அதையும் சமாளித்தேன்.

பன்னிரண்டாவது வீட்டில் வைத்தியலிங்கம் அங்கிளும் மங்களம் ஆண்ட்டியும். பிள்ளைகள் இல்லை. அவர் மதுரைப் பக்கம் ஒரு நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர். அக்கா ஸ்பான்சர் செய்து நடுவயதில் இங்கே வந்து, ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டியே ஓய்வு பெற்றவர். அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். எழுபத்தி நான்கு வயதிலும் இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா.

முதல் நாள் நான் போனபோது ஆண்ட்டி காபி போட்டுக் கொண்டுவந்தார். டம்ளரை டபராவில் வைத்து, நுரை தளும்பாமல், என் கைக்கு நேராக நீட்டினார். “சர்க்கரை கம்மியாதான் போட்டிருக்கேன், உங்க குரல்லயே தெரியுது டயட்ல இருக்கீங்கன்னு” என்று சிரித்தார். அங்கிள் கடிதத்தை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தார்.

“முப்பது வருஷமா இந்த வீடு மேடம். இப்ப எங்க போறதுன்னே தெரியலையே.”

காபி நன்றாக இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. “கவலைப்படாதீங்க அங்கிள். நான் பாத்துக்கறேன்” என்றேன்.

அவர் பேனாவை எடுத்து, கடிதத்தின் பின்புறம் தேதி போட்டு, நான் சொன்னதை எழுதிக்கொண்டார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் வீட்டைக் காட்டினேன். ஆண்ட்டி காரிலேயே இருந்துகொண்டார். “அவர் பாத்தா போதும்மா. எனக்கு எல்லாம் ஒண்ணுதான்.” அங்கிள் படுக்கையறையிலிருந்து அடுப்படிக்கு உதட்டை அசைத்தபடியே மெதுவாக நடந்தார். ஏதோ ஸ்லோகம் என்று நினைத்தேன். மறுநாள் அலுவலகத்துக்கு ஒரு மனு வந்தது. தமிழில் எனக்கு ஒன்று, ஆங்கிலத்தில் கோப்புக்கு ஒன்று, மிஸ்டர் கவால்ஸ்கிக்கு ஒரு நகல். ‘மேற்படி வீட்டின் அடுப்படி தெற்கு நோக்கி இருப்பதால், மனுதாரர் அதனை ஏற்க இயலாத நிலையில் உள்ளார் என்பதைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறார்.’

இரண்டாவது வீடு. ‘மேற்படி வீட்டின் எதிர்வீட்டு நாய் மனுதாரரை உள்நோக்கத்துடன் பார்த்தது.’ மூன்றாவது வீடு. ‘மேற்படி குளியலறைக் கதவு தவறான திசையில் திறக்கிறது.’ நான்காவது வீட்டில் குறை ஒன்றும் கிடைக்கவில்லைபோல. ‘மனுதாரருக்கு மேற்படி வீட்டில் மன நிம்மதி ஏற்படவில்லை’ என்று மட்டும் எழுதி, கீழே விதிப்புத்தகத்தின் மூன்று பிரிவுகளை மேற்கோள் காட்டியிருந்தார். மூன்றும் சரியான பிரிவுகள். அதில் ஒன்று எனக்கே தெரியாது.

மிஸ்டர் கவால்ஸ்கி மனுக்களை விடாமல் படித்தார். “இந்த நாயோட உள்நோக்கம் என்னன்னு கண்டுபிடிச்சியா?” என்று கேட்டார். ஆனால் நூற்றுப் பத்தாவது நாளில் கண்ணாடியைக் கழற்றினார்.

“கோ, நாலு வீடு காட்டியாச்சு. நம்ம கடமை முடிஞ்சுது. சீட்டு காலாவதியாகுதுன்னு லெட்டர் அனுப்பு.”

அனுப்பினேன். நான்காம் நாள், அந்த முடிவை எதிர்த்து விசாரணை கோரி அங்கிளின் மனு வந்தது. காரணம் ஒரே ஒரு வரி: ‘அலுவலகத்தின் பிரதிநிதி திருமதி கோமதி, தானே பொறுப்பேற்பதாக மனுதாரருக்கு வாக்களித்துள்ளார்.’

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. விசாரிக்க வேறு துறையிலிருந்து மிஸ் கார்ட்டர் என்ற அம்மா வந்திருந்தார். நானும் சம்பந்தப்பட்டவள் என்பதால் நான் மொழிபெயர்க்கக் கூடாது. போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார்கள். அங்கிளுக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். இருந்தாலும், “சாட்சியம் தாய்மொழியிலதான் இருக்கணும்” என்று அடம்பிடித்தார். கடிதத்தின் பின்புறத்தைப் பிரித்து, தேதியோடு வாசித்தார்: “நான் பாத்துக்கறேன்.”

ஸ்பீக்கரில் மொழிபெயர்ப்பாளர் அம்மா தமிழில் கேட்டார்: “ஐயா, ‘பாத்துக்கறேன்’னு சொன்னாங்களா, ‘பாத்துக்கலாம்’னு சொன்னாங்களா?”

“பாத்துக்கறேன். றே. அழுத்தமா.”

மிஸ் கார்ட்டர் குறுக்கிட்டார். “ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“ரொம்ப வித்தியாசம் மேடம்,” என்றது ஸ்பீக்கர். “‘பாக்கலாம்’னா நடக்காது. ‘பாத்துக்கலாம்’னா இப்போதைக்குப் பேச்சை விடுங்கன்னு அர்த்தம். ‘பாத்துக்கறேன்’னா…” அந்த அம்மா தயங்கினார். “அதுக்கப்புறம் அது அவங்க தலைவலி.”

அங்கிள் வெற்றியோடு நாற்காலியில் சாய்ந்தார். மிஸ்டர் கவால்ஸ்கி என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: “சும்மா ‘பார்க்கிறேன்’னு சொன்னதுதானே? அப்படித்தானே கோ?”

தப்பிக்க ஒரு வாசல் திறந்திருந்தது. பார் என்றால் பார்ப்பது, அவ்வளவுதான் என்று நான் சொன்னால் அகராதியும் எனக்குத் துணை நிற்கும். சீட்டு போகும், என் வேலைக்குச் சேதம் இல்லை. அங்கிளைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை; மேஜையில் இருந்த தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்தவர் மாதிரி சாய்ந்திருந்தாலும் கடிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

“இல்லை சார்,” என்றேன். “அந்த அம்மா சொன்னது சரி. நான் பொறுப்பேத்துக்கறேன்னுதான் சொன்னேன். அவரும் அப்படித்தான் புரிஞ்சுக்கிட்டார். தமிழ்ல அதுக்கு வேற அர்த்தம் கிடையாது.”

மிஸ்டர் கவால்ஸ்கி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி துடைத்தார். மிஸ் கார்ட்டர் இன்னும் முப்பது நாள் அவகாசம் கொடுத்து எழுதினார். வெளியே வந்ததும் மிஸ்டர் கவால்ஸ்கி சொன்னது ஒன்றுதான்: “இனிமே வாடகைதாரர்கிட்ட இங்கிலீஷ்ல மட்டும் பேசு. இங்கிலீஷ்ல நாம எதுக்கும் பொறுப்பு இல்லை.”

ஐந்தாவது வீட்டைக் காட்டப் போன அன்று நல்ல மழை. கார் நிறுத்தும் இடத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. “ஆண்ட்டி, உள்ள வாங்க, இங்க உக்காந்திருக்க வேண்டாம்” என்று கையைப் பிடித்து நானே இறக்கினேன். அங்கிள் “வேண்டாம் மேடம், வேண்டாம் மேடம்” என்று பின்னாலேயே குடையோடு ஓடி வந்தார்.

வீட்டுக்குள் ஆண்ட்டி சுவரில் உள்ளங்கையை வைத்தார். அப்படியே சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். அடுப்படி வாசலில் சுவர் முடிந்தது. இரண்டு அடி எடுத்து வைத்தவர், நடுவில் இருந்த சமையல் மேடையில் இடுப்பை இடித்துக்கொண்டார்.

“இது என்ன நடுவுல?” என்று கேட்டார். பட்டப்பகல். வெள்ளை மேடை. அடுப்படி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனை முறை அந்த வீட்டில் காபி குடித்திருக்கிறேன்! டம்ளர் இருக்கும் இடம், அடுப்புக்கு எத்தனை அடி, என் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எல்லாவற்றையும் கணக்காக வைத்துத்தான் அவர் என் கைக்கு நேராக நீட்டியிருக்கிறார். அங்கிள் உதட்டை அசைத்தது ஸ்லோகம் இல்லை. அடி எண்ணியிருக்கிறார்.

“ஆறு வருஷமாச்சு மேடம்,” என்றார் அங்கிள். மனு எழுதும் குரல் எங்கோ போய்விட்டது. “கண்ணுல பிரஷர். வெளிச்சம் மட்டும் தெரியும். அந்த வீட்டுக்குள்ள அவ ராணி. எண்ணை எங்க, உப்பு எங்க, எல்லாம் கையில இருக்கு. வேற வீட்டுக்குப் போனா கீழ விழுவா. விழுந்தா ஆஸ்பத்திரி. அப்புறம் உங்களால பாத்துக்க முடியாதுன்னு என்கிட்ட சொல்லி அவளைக் கொண்டுபோய் ஒரு ஹோம்ல வச்சிடுவாங்க. தயவுசெஞ்சு ஃபைல்ல எழுதிடாதீங்க. நானும் கோர்ட்ல இருந்தவன். ஃபைல்ல ஏறினது இறங்கவே இறங்காது.”

“அங்கிள், ஃபைல்ல ஏறினாதான் உங்களுக்கு நல்லது. கண்ணு தெரியாதவங்க வீட்டுல இருந்தா இன்னும் டைம் கொடுக்கணும், அவங்களுக்கு ஏத்த வீடா தேட உதவி பண்ணணும்னு சட்டமே இருக்கு. புக் பூரா படிச்சிருக்கீங்களே, அது கண்ணுல படலையா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “அந்த அத்தியாயத்தை மட்டும் படிக்கல மேடம். தலைப்பைப் பாத்ததும் மூடிட்டேன்.”

நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருக்க, ஆண்ட்டி அந்த மேடையைச் சுற்றித் தடவிப் பார்த்து ஒரு சுற்று முடித்திருந்தார்.

“நாலு மாசமா ரெண்டு பேரும் வீடு வீடா அலையறீங்க. ஒருத்தராவது என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றார். “எண்ணை உப்பை நான்தானே அடுக்கினேன்? இன்னொரு வீட்டுல அடுக்கத் தெரியாதா? நடுவுல இந்த மாதிரி எதுவும் இருக்கக் கூடாது. அடுப்புத் திருகு கையில தட்டுப்படணும், கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கக் கூடாது. உள்ள படி வேண்டாம். அவ்வளவுதான். நாயெல்லாம் எப்படிப் பாத்தாலும் எனக்குக் கவலையில்லை.”

அங்கிள் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஆண்ட்டி சொன்னதை வரிசையாக எழுதிக்கொண்டார்.

நான் அலுவலகத்துக்கு வந்து எழுந்து நின்றேன். நான்கு நாள் நின்றபடியே போன் பேசினேன். பழைய கட்டடத்தைக் கட்டியவரே பக்கத்து ஊரிலும் அதே காலத்தில் ஒரு குடியிருப்பு கட்டியிருந்தார் என்று ஒரு குழாய்க்காரர் மூலம் தெரிந்தது. அங்கே தரைத்தளத்தில் ஒரு வீடு காலி. வீட்டுக்கார அம்மா சீட்டு என்றதும் இழுத்தார். நான் நின்றுகொண்டே இருந்ததில் என் முட்டி வலித்ததுதான் மிச்சம் என்று நினைத்தபோது, “சரி, வந்து பாருங்க” என்றார்.

அச்சு அசல் அதே வீடு. ஆனால் இடம் வலமாக மாறியிருந்தது. பழைய வீட்டைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல். அங்கிளுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆண்ட்டி படுக்கையறையிலிருந்து அடுப்படிக்கு நடந்தார்.

“பதினொண்ணு,” என்றார். “அங்கேயும் பதினொண்ணுதான். என்ன, பீச்சாங்கை பக்கம் திரும்பணும். திரும்பிட்டாப் போச்சு.”

சோதனைக்கு மிஸ்டர் கவால்ஸ்கியே வந்தார். பர்னர், குழாய், ஜன்னல், எல்லாம் பார்த்து முடித்துவிட்டு கோலிக்குண்டைத் தரையில் வைத்தார். அது நகரவில்லை என்று எழுதப் போனார். “போகுது சார், மெதுவா, அந்தப் பக்கமா” என்று ஆண்ட்டி காதைச் சாய்த்தபடி கையைக் காட்டினார். குனிந்து பார்த்தோம். உண்மைதான், அரை அங்குலம் நகர்ந்திருந்தது. மிஸ்டர் கவால்ஸ்கி கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு ஆண்ட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “இந்த அளவுச் சரிவு பரவாயில்லை” என்று ஆண்ட்டியிடமே அனுமதி கேட்பதுபோல் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதம் கழித்து அவர்களைப் பார்க்கப் போனேன். ஆண்ட்டி பழைய மாதிரியே காபி போட்டு, என் கைக்கு நேராக நீட்டினார். ஒரு வாரத்தில் வீடு பிடிபட்டுவிட்டது என்றார். அங்கிள் முழங்கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். நெற்றியிலும் ஒன்று.

“என்ன அங்கிள் இது?”

“ஒண்ணுமில்ல மேடம். சின்ன விஷயம்.”

கிளம்பும்போது அவர் எனக்கு முன்னால் நடந்து, பழைய மரியாதையோடு கதவைத் திறந்துவிட்டு, “போயிட்டு வாங்க மேடம்” என்று கை காட்டினார். திறந்த அலமாரிக்குள் இரண்டு கோட்டும் ஒரு வாக்குவம் கிளீனரும் இருந்தன.

அடுப்படியிலிருந்து ஆண்ட்டி குரல் கொடுத்தார். “கோமதி, வாசல் அந்தப் பக்கம்மா. அவர் தினமும் அதுக்குள்ளதான் போய்ட்டு வர்றார். கண்ணு தெரியுதுங்கற தைரியம்.”